புகையோடு போகும் உஷ்ணம்

நாமக்கல்லுக்கு அருகே, சேலம் செல்லும் சாலையின் ஓரத்தில், லாரி என்ஜின்களைப் பிரித்துப் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில், ரசீதுக் காகிதங்கள் காற்றில் பறந்துவிடாமல் இருக்கும்பொருட்டு உரிமையாளரின் மேஜைமீது வைக்கப்பட்டிருந்த பாரம் ஒன்றைச் சில வருஷங்களுக்கு முன் நான் கையில் எடுத்துப் பார்த்தேன். அது ஒரு பிஸ்டன். அளவில் சிறிய செம்பு ஒன்றை ஒத்தது. அலுமினியக் கலவையில் வார்த்தது. அதன் தலையில், ஓரத்தை ஒட்டினாற்போல், கட்டை விரல் நுழையும்படியான துளை ஒன்று இருந்தது. உடைந்த பொருளின் விளிம்பு கூராக இருப்பது இயல்பு. இந்தத் துளையின் விளிம்போ, எரிந்து அணைந்த மெழுகுவத்தியின் வாயைப்போல, வழிந்து மழுங்கி உறைந்திருந்தது.

"எப்படி உடைந்தது?" என்று கேட்டேன்.

"உடையலீங்க, உருகிருச்சுங்க" என்றார் அங்கிருந்த மெக்கானிக். "திம்பத்துல ஃபுல் லோடோட ஏறுறப்ப ரெண்டாவது போடாம மூணாவதுலயே அமுக்கியிருக்காப்ல. ஏர் ஃபில்டர் வேற அடைச்சுக் கிடந்துச்சு. வண்டி பாவம், கரும்புகையாக் கக்கிச் சொல்லித்தான் பார்த்துச்சுங்க."

இந்த நாலு வாக்கியங்களுக்கு உரை எழுதுவதே இந்த அத்தியாயத்தின் வேலை. அவர் எந்தக் கலாசாலையிலும் உஷ்ண சாஸ்திரம் படித்தவரல்லர். ஆயினும் கியர், காற்று, புகை, உருகிய உலோகம் ஆகிய நான்கையும் ஒரே சங்கிலியில் கோத்துச் சொல்லிவிட்டார். அந்தச் சங்கிலியின் கண்ணிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தூய அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். பிஸ்டன் வார்ப்பதற்குப் பயன்படும், சிலிக்கன் கலந்த அலுமினியம், அதற்கு ஏறக்குறைய நூறு டிகிரி கீழேயே இளகத் தொடங்கிவிடும். தன் பலத்தில் பெரும்பகுதியை அதற்கும் வெகுமுன்பே இழந்துவிடும். டீசல் எரியும் க்ஷணத்தில் சிலிண்டருக்குள் உள்ள வாயுவின் உஷ்ணமோ 2,000 டிகிரியையும் தாண்டுவது. ஆதலால், அந்த ஒரு பிஸ்டன் ஏன் உருகிற்று என்று வியப்பதைக் காட்டிலும், நாள்தோறும் சாலைகளில் ஓடிக்கொண்டிருக்கும் மற்ற லாரிகளின் பிஸ்டன்கள் ஏன் உருகாமல் இருக்கின்றன என்று வியப்பதே பொருத்தமாகும்.

விடை காலத்தில் இருக்கிறது. நிமிஷத்திற்கு 2,000 சுற்றுச் சுற்றும் என்ஜினில், காற்றை இழுப்பது, அமுக்குவது, எரிந்து தள்ளுவது, புகையை வெளியேற்றுவது என்ற நான்கு காரியங்களும் ஒரு வினாடியின் ஆயிரத்தில் அறுபது பங்குக்குள் நடந்தேறிவிடுகின்றன. அதில் நெருப்பு உக்கிரமாக எரிவது ஐந்தாறு பங்குதான். மற்ற நேரமெல்லாம் பிஸ்டனின் தலை இளைப்பாறுகிறது. அதிலும் புதுக்காற்று உள்ளே பாயும்போது நன்றாகவே குளிர்கிறது. விளக்குச் சுடரின் ஊடே விரலை விரைந்து வீசி, சுடவில்லை என்று காட்டும் சிறுவனின் வித்தைதான் இது. அதோடு, பெரிய என்ஜின்களில் பிஸ்டனின் அடிப்புறத்தில் மசகெண்ணெயைப் பீய்ச்சி அடிக்கும் சிறு குழாய்களும் உண்டு. இவற்றின் தயவால் பிஸ்டனின் தலை 300, 350 டிகிரி என்ற நிலையிலேயே நின்றுவிடுகிறது. ஆனால் இது ஒரு வரவு செலவுக் கணக்கு. வரவைச் சற்றே கூட்டி, செலவைச் சற்றே குறைத்து, அந்த நிலைமையைப் பத்து நிமிஷம் நீடிக்க விட்டால் கணக்கு கவிழ்ந்துவிடும். சுடருக்குள் விரலை வீசுவதற்கும் விரலை நிறுத்துவதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சிறுவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. லாரி ஓட்டுகிறவருக்குத்தான், அந்த விரல் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பதால், சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

இந்த என்ஜினுக்குத் தம் பெயரையே கொடுத்த ருடால்ஃப் டீசல், மியூனிக் நகரில் மாணவராக இருந்த நாளில், குளிர்சாதன யந்திரங்களால் புகழ் பெற்ற பேராசிரியர் கார்ல் லிண்டேயின் விரிவுரையில், நீராவி யந்திரம் நிலக்கரியின் சக்தியில் பத்தில் ஒரு பங்கைக்கூட முழுதாக வேலையாக மாற்றுவதில்லை என்ற உண்மையைக் கேட்டு, அந்த விரயத்தைப் போக்குவதையே வாழ்நாள் இலட்சியமாக வரித்துக்கொண்டவர். 1892-ஆம் வருஷம் காப்புரிமைக்கு அவர் விண்ணப்பித்தபோது மனத்தில் உருவகித்திருந்த யந்திரத்திற்குக் குளிர்விக்கும் தண்ணீரே தேவைப்படாது; உஷ்ணத்தில் பெரும்பகுதி வேலையாகிவிடும் என்பது அவர் நம்பிக்கை. ஆக்ஸ்பர்க் நகரத்துத் தொழிற்சாலையில் வருஷக்கணக்கில் நடந்த பரிசோதனைகள் அந்த நம்பிக்கையைக் கலைத்தன. தண்ணீர் உறை வேண்டியிருந்தது. 1897-இல் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் அந்த யந்திரத்தைச் சோதித்து, எண்ணெயின் சக்தியில் நூற்றுக்கு 26.2 பங்கு வேலையாகிறது என்று கண்டார். கனவோடு ஒப்பிட்டால் அது சொற்பம். அன்றைய உலகத்தோடு ஒப்பிட்டால் பேரற்புதம்.

இன்றைய லாரி என்ஜின்கள் நூற்றுக்கு நாற்பது பங்கை, சிறந்தவை அதற்குச் சற்று மேலும், சக்கரத்திற்கு அனுப்புகின்றன. மிச்சத்தில் ஒரு பகுதி ரேடியேட்டர் வழியாகவும் மசகெண்ணெய் வழியாகவும் போகிறது. ஏறக்குறைய முப்பது பங்கு புகைக்குழாய் வழியாகப் போகிறது. ஒரு லிட்டர் டீசலில் அடங்கியிருக்கும் உஷ்ணம் நூறு லிட்டருக்கும் அதிகமான தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால், இந்த முப்பது பங்கு எத்தகையது என்பது விளங்கும். இருநூறு குதிரைசக்தியை முழுவதும் வெளியிட்டு மலையேறும் லாரி ஒன்றின் புகைக்குழாயில், குளியலறையில் நாம் வைத்துக்கொள்ளும் இரண்டு கிலோவாட் ஹீட்டர்கள் ஐம்பதுக்கும் மேற்பட்டவை ஏககாலத்தில் எரிந்தால் எவ்வளவு உஷ்ணம் வருமோ அவ்வளவும் ஓடிக்கொண்டிருக்கிறது. அது ஓட வேண்டிய இடத்தில் ஓடினால் யாருக்கும் கெடுதல் இல்லை. சில இடங்களில் அதனால் நன்மையே உண்டு என்பதைப் பின்னால் பார்க்கப் போகிறோம். தேங்கக்கூடாத இடத்தில் தேங்குவதுதான் தொல்லை.

இனி, மெக்கானிக் சொன்ன கரும்புகைக்கு வருவோம்.

பெட்ரோல் வண்டியோடு பழகியவர்கள் டீசலுக்கு வரும்போது தம்முடன் ஒரு தவறான கருத்தையும் கொண்டுவருவது வழக்கம். பெட்ரோல் என்ஜினில் எண்ணெய் குறைந்து காற்று மிகுந்தால் சூடு ஏறும். எண்ணெயைச் சற்றுத் தாராளமாக விட்டால் சூடு தணியும். டீசலில் இது தலைகீழ். பெட்ரோல் வண்டியில் நம் கால் அழுத்துவது காற்றின் கதவை. டீசல் வண்டியில் அழுத்துவது எண்ணெயின் அளவை. டீசல் என்ஜின், நின்று உறுமும்போதும் சரி, மலையேறும்போதும் சரி, ஒவ்வொரு தடவையும் மூச்சை முழுதாக இழுக்கும் சுபாவம் உடையது. (புதிய வண்டிகளில் காற்று வழியிலும் ஒரு கதவு உண்டு, அது வேறு காரியத்திற்காக ஏற்பட்டது.) ஒரு கிலோ டீசல் கணக்காக எரிவதற்குப் பதினாலரைக் கிலோ காற்றுப் போதும் என்றிருக்க, வண்டி சும்மா நின்று ஓடும்போது அதற்கு எழுபது கிலோவும் அதற்கு மேலும் கிடைக்கிறது. கல்யாண மண்டபத்தின் நடுவே ஏற்றிய அகல் விளக்கைப்போல, அவ்வளவு காற்றின் நடுவே எரியும் அந்தச் சிறு நெருப்பு, புகையை நூறு நூற்றைம்பது டிகிரிக்குமேல் சூடாக்குவதில்லை. காலை அழுத்த அழுத்த எண்ணெய் கூடுகிறது. காற்றின் விகிதம் இருபத்தைந்துக்கும் இருபதுக்கும் இறங்குகிறது. புகையின் சூடு 500, 600, 700 என்று ஏறுகிறது. அதற்குமேலும் எண்ணெய் பாய்ந்தால், மொத்தக் கணக்கில் காற்று மிச்சமிருந்தாலும், எண்ணெய்த் துளி ஒவ்வொன்றின் பக்கத்திலும் போதிய காற்று இல்லாமற்போகிறது. எரியாத கரி புகையாக வெளியே வருகிறது.

விறகடுப்பில் விறகை அளவுக்கு மீறித் திணித்தால் புகை சூழும், ஆனால் அடுப்பின் சூடு தணியும். டீசலிலோ கரும்புகையும் சூடும் இரட்டைக் குழந்தைகள். காரணம், எரிந்ததும் அதிகம், எரியாததும் அதிகம். மேலும், நெடுநேரம் பாயும் எண்ணெய், பிஸ்டன் பாதி வழி இறங்கிய பின்னும் எரிந்துகொண்டே இருக்கிறது; தள்ளுவதற்கு வேளை தப்பிய அந்த நெருப்பு, வால்வு திறந்ததும் தன் உஷ்ணம் முழுவதையும் புகைக்குழாயில் கொண்டுபோய்க் கொட்டுகிறது. சாலையில் முன்னே போகும் லாரி கரும்புகையைக் கக்கும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட்டுநரை ஏசுகிற நாம், அந்த ஏச்சில் சிறிதளவு அவர் வண்டியின் பிஸ்டனுக்கான அனுதாபமாகவும் இருக்கலாம் என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

திம்பம் மலைப்பாதை சத்தியமங்கலத்துக் காட்டில், பண்ணாரி அம்மன் கோயிலைக் கடந்ததும் தொடங்கி, இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளாக ஏறிக் கர்நாடகத்தை நோக்கிப் போவது. ஒவ்வொரு வளைவிலும் வண்டி ஏறத்தாழ நின்று, திரும்பி, மறுபடியும் இழுக்க வேண்டும். இங்கே இரண்டாவது கியருக்கு மாற்றாமல் மூன்றாவதிலேயே அழுத்திப் பிடிக்கும் ஓட்டுநரின் எண்ணம் எளிதில் புரியக்கூடியது: சுற்று குறைந்தால் சத்தம் குறைவு, சத்தம் குறைந்தால் என்ஜினுக்குச் சிரமம் குறைவு என்று காது சொல்கிறது. காது சொல்வது பொய். சுற்றுக் குறைந்த என்ஜினில், ஒவ்வொரு தள்ளலுக்கும் பாயும் எண்ணெய் உச்ச அளவில் இருக்கிறது. புகையின் வேகத்தால் சுழன்று காற்றை அமுக்கி என்ஜினுக்கு ஊட்டும் டர்போ மெதுவாகச் சுற்றுவதால் காற்றின் அழுத்தம் குறைகிறது. தண்ணீர்ப் பம்பும் மசகெண்ணெய்ப் பம்பும், பழைய வண்டிகளில் விசிறியும்கூட, என்ஜினோடு இணைந்தே சுற்றுபவையாதலால் அவையும் மந்தமாகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, நெருப்பு பிஸ்டனோடு உறவாடும் நேரம் நீளுகிறது. இரண்டாவது கியர் போட்டதும், அதே ஏற்றத்தை அதே வேகத்தில் ஏறும்போதே, என்ஜின் விரைந்து சுற்றி, தள்ளல் ஒன்றுக்குக் குறைந்த எண்ணெயும் நிறைந்த காற்றும் பெற்று, நூறு டிகிரி அளவுக்குக்கூடப் புகையின் சூட்டைத் தணித்துக்கொண்டுவிடும். இரைச்சல் மட்டும் அதிகம். உஷ்ணத்தைக் கட்டுப்படுத்துவதற்கென்று விலை கொடுத்து வாங்கும் எந்தச் சாதனமும், செலவில்லாத இந்த ஒரு கைவேலைக்கு ஈடாகாது என்பது என் அபிப்பிராயம்.

காற்றின் பக்கம் நேரும் கோளாறுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அடைத்த ஃபில்டர், விரிசல் விட்ட ரப்பர் ஹோஸ், முகத்தில் பூச்சியும் புழுதியும் அப்பிய இன்டர்கூலர் ஆகிய மூன்றும் மூக்கைப் பிடித்துக்கொண்டு மலையேறச் சொல்வதற்குச் சமம். இன்டர்கூலரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. டர்போவினால் அமுக்கப்பட்ட காற்று 150 டிகிரி வரையிலும் அதற்கு மேலும் சூடாகிறது. சூடான காற்று விரிந்த காற்று. விரிந்த காற்றில் பிராணவாயு குறைவு. அதை ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள மற்றொரு வலைக்குள் செலுத்தி ஐம்பது டிகிரி அளவுக்குக் குளிர்வித்து அனுப்பினால், சூடு புறப்படும் இடத்திலேயே குறைந்துவிடுகிறது. உள்ளே போகும் காற்று பத்து டிகிரி குளிர்ந்தால், வெளியே வரும் புகையும் அதே அளவாவது குளிரும் என்று வைத்துக்கொள்ளலாம்.

உயரமும் மூச்சைப் பிடிப்பதே. கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி நூற்றுக்குப் பத்துப் பங்கு குறைகிறது. லடாக்கில், 5,359 மீட்டர் உயரத்தில் உள்ள கார்துங் லா கணவாயைக் கடக்கும் ராணுவ லாரிக்குச் சமவெளியில் கிடைப்பதில் பாதிக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். அங்கே எண்ணெயை மட்டும் பழைய அளவிலேயே விட்டால் என்ன ஆகும் என்பதை வாசகர் இதற்குள் தாமே சொல்லிவிடுவார்.

சூட்டைப் பற்றி இவ்வளவு பேசினோமே, அதை அளப்பது எப்படி? பாதரசம் 357 டிகிரியில் கொதித்துவிடும். சாதாரண உஷ்ணமானி இங்கே உதவாது. சூளைகளின் சூட்டை அறிய விரும்பிய ஆங்கிலேயப் பீங்கான் வியாபாரி ஜோசையா வெட்ஜ்வுட், 1782-இல், களிமண் துண்டுகளைச் சூளைக்குள் இட்டு, அவை எவ்வளவு சுருங்கின என்று பார்த்துச் சூட்டைக் கணிக்கும் உபாயம் ஒன்றைச் சொன்னார். சாதுரியமான வழிதான், ஆனால் ஓடுகிற லாரிக்குள் களிமண்ணைப் போட்டு எடுக்க முடியாது. நமக்கு உதவியவர் தாமஸ் சீபெக். இரண்டு வேறு உலோகக் கம்பிகளை முனைகளில் பிணைத்து, ஒரு முனையைச் சூடாக்கி மறுமுனையைக் குளிர்ச்சியாக வைத்தால் மின்சாரம் பிறக்கிறது என்னும் விசித்திரத்தை அவர் 1821-இல் கண்டார். குரோமெல், அலுமெல் என்னும் இரு நிக்கல் கலவைக் கம்பிகளைப் பிணைத்து, பென்சில் கனமுள்ள உறைக்குள் வைத்து, புகைக்குழாயில் துளையிட்டுச் செருகிவிட்டால், 700 டிகிரியில் 29 மில்லிவோல்ட் கிடைக்கும். டார்ச் பாட்டரி ஒன்றின் மின் அழுத்தத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. அந்தச் சொற்ப மின்சாரம் அசைக்கும் முள்ளைப் பார்த்துத்தான், டென்வர் நகரிலிருந்து மேற்கே ராக்கி மலைகளில் ஏறி, சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் உள்ள ஐசன்ஹோவர் சுரங்கப்பாதையை நோக்கிக் கனத்த டிரெய்லர்களை இழுத்துச் செல்லும் அமெரிக்கர் பலர் காலைத் தளர்த்துவதும் கியரை இறக்குவதும். 650-க்கும் 700-க்கும் இடைப்பட்ட ஓரிடத்தில் அவர்கள் மனத்தில் ஒரு சிவப்புக்கோடு உண்டு. முந்திச் செல்லும் சில வினாடிகளுக்கு அதைத் தாண்டினால் பாதகமில்லை. உலோகம் சூட்டை உள்வாங்கிக்கொள்ள நேரம் வேண்டும். ஏற்றம் முழுவதும் அங்கேயே நின்றால்தான் அபாயம்.

கம்பியை எங்கே செருகுவது என்பதும் முக்கியமானது. டர்போவுக்குப் பின்னால் செருகினால், டர்போ தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சிய சூட்டையே அது காட்டும். முன்னால் இருப்பதைக் காட்டிலும் அது நூறு, நூற்றைம்பது டிகிரி குறைவு. பின்னால் 550 என்று காட்டும் முள்ளைப் பார்த்து நிம்மதி அடைகிறவர், வாசலில் நின்று கதவைத் தொட்டுப் பார்த்து, உள்ளே படுத்திருப்பவருக்கு ஜுரமில்லை என்று சொல்லும் வைத்தியரை ஒத்தவர்.

டர்போவின் வரலாறு 1905-இல் ஸ்விட்சர்லாந்துக்காரரான ஆல்ஃபிரட் பூக்கி பெற்ற காப்புரிமையோடு தொடங்குகிறது. வீணே போகும் புகையைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சில் உள்ள மற்றொரு சக்கரத்தால் காற்றை அமுக்கி என்ஜினுக்கு ஊட்டுவது அவருடைய யுக்தி. முன்னே நன்மை என்று குறிப்பிட்டேனே, அது இதுவே. இங்கே உஷ்ணம் வேண்டும். சூடான புகையிலேதான் சக்கரத்தைத் தள்ளும் வீரியம் இருக்கிறது. நிக்கல் கலவையால் வார்த்த அந்தச் சக்கரம், செந்தழல் நிறம் ஏறிய நிலையில், நிமிஷத்திற்கு லட்சம் சுற்று அளவில் சுழல்கிறது. அதன் அச்சைத் தாங்குவது முடியினும் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றே.

இந்தப் படலத்தைப் பற்றிய பாடத்தை நம் வீட்டுத் தோசைக்கல்லே கற்பிக்கும். அடுப்பை அணைத்த பிறகும், கல்லில் மிஞ்சிய சூட்டிலேயே ஒரு தோசை வார்த்துவிடலாம் என்பதை எந்த இல்லத்தரசியும் அறிவார். அதே கல்லின் ஓரத்தில், துடைக்காமல் விட்ட எண்ணெய் நாளடைவில் கருத்துக் கெட்டியாகி, உளியால் செதுக்கினாலும் போகாத பொருக்காகப் படிந்திருப்பதையும் அறிவார். ஏற்றத்தில் இழுத்து வந்த லாரியை, வந்த சூட்டோடு சாவியைத் திருப்பி நிறுத்தினால், இந்த இரண்டும் டர்போவுக்குள் நடக்கின்றன. மசகெண்ணெய் ஓட்டம் அந்த க்ஷணமே நின்றுவிடுகிறது. புகைச் சக்கரத்திலும் அதன் இரும்பு உறையிலும் நிறைந்திருக்கும் சூடு மெல்ல அச்சின் பக்கம் நகர்ந்து, அங்கே தேங்கிய எண்ணெயைப் பொருக்காக்கிவிடுகிறது. ஆகையால்தான், அனுபவமுள்ள ஓட்டுநர் வண்டியை நிறுத்தியதும் அணைத்துவிடாமல், மூன்று நான்கு நிமிஷம் சும்மா ஓட விடுகிறார். அப்போது வரும் நூற்றைம்பது டிகிரிப் புகை சக்கரத்தைப் பொறுத்தவரையில் குளிர்காற்று. டீசல் வீணாகிறதே என்று குறைப்படும் முதலாளிகளும் உண்டு. டர்போவின் விலையைக் கேட்டபின் அவர்கள் அவ்வாறு குறைப்படுவதில்லை.

சிலிண்டர்களிலிருந்து புகையைத் திரட்டி டர்போவுக்குக் கொண்டுவரும் வார்ப்பிரும்புக் குழாயை மேனிஃபோல்டு என்கிறார்கள். ஆறு சிலிண்டர் என்ஜினில் அது ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளமுடையது. அறுநூறு டிகிரி சூடேறும்போது அது ஐந்தாறு மில்லிமீட்டர் நீள்கிறது. அது முடுக்கப்பட்டிருக்கும் என்ஜின் தலையோ, தண்ணீர் ஓடுவதால் அவ்வளவு நீள்வதில்லை. இந்தப் பிணக்கைத் தீர்க்கவே மேனிஃபோல்டை இரண்டு மூன்று துண்டுகளாக வார்த்து, ஒன்றுக்குள் ஒன்று வழுக்கும்படி செருகியிருப்பார்கள். போல்ட் துளைகளையும் சற்றுத் தாராளமாக விட்டிருப்பார்கள். துருவேறி அந்த வழுக்கல் நின்றுபோனால், கடைசியில் உள்ள போல்ட் முறியும், அல்லது இரும்பே வெடிக்கும். ஏற்றத்தில் 650 டிகிரி. உச்சியைத் தாண்டி இறக்கத்தில் காலை எடுத்தவுடன், எண்ணெய் நின்று வெறுங்காற்றே வருவதால், சில வினாடிகளில் அது இருநூறுக்கும் கீழே இறங்குகிறது. வெடிப்புக்கு நிலையான சூட்டைவிட இந்த ஏற்ற இறக்கமே பெரிய காரணம்.

இந்தக் குழாய்க்குப் போர்வை போர்த்துவது ஒரு நெடுங்கால வழக்கம். சூடான பொருள் கதிர்களாக வீசும் உஷ்ணம் சீராக ஏறுவதன்று. 300 டிகிரியில் உள்ள குழாயைப் போல 700 டிகிரியில் உள்ள குழாய் எட்டு மடங்கு வீசும். அந்த வீச்சு பக்கத்தில் உள்ள ஒயரையும் ரப்பரையும் வறட்டுகிறது. காற்றுக்குழாயைச் சூடாக்கி இன்டர்கூலரின் உழைப்பைக் குலைக்கிறது. கேபினில் உட்கார்ந்திருப்பவரின் பாதத்தையும் விடுவதில்லை. போர்வை அதைத் தடுப்பதோடு, டர்போவுக்கு முன்னால் போர்த்தப்பட்டால், அதற்குரிய சூட்டைச் சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்க்கவும் செய்கிறது. முன்காலத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கயிற்றைச் சுற்றினார்கள். அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும் விஷம் என்று தெரிந்தபின் கண்ணாடி நார், எரிமலைக் கல்லாகிய பசால்ட்டின் நார், பீங்கான் நார் ஆகியவை வந்தன. ஆனால் போர்வையிலும் ஆபத்து உண்டு. மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு உள்ளே இரும்பை அரிக்கும். வெளியே போகாத சூட்டை இரும்பிலேயே தேக்கி, வெடிப்பை விரைவாக்கும். எல்லாவற்றையும்விட, எங்கிருந்தோ ஒழுகும் டீசலைத் திரிபோல் உறிஞ்சிக்கொள்ளும். டீசல், பொறியேதும் இல்லாமலே, 220, 250 டிகிரியில் தானாகப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. கப்பல்களில் எண்ணெய் தெறிக்கக்கூடிய இடத்தில் உள்ள, 220 டிகிரிக்கு மேல் சூடேறும் எந்தப் பரப்பையும் மூடி வைக்க வேண்டும் என்று சர்வதேச விதியே இருக்கிறது. லாரிக்கு, குழாயைத் தொடாமல் விரற்கடை இடைவெளி விட்டு நிறுத்தப்படும் பளபளப்பான எஃகுத் தகடு, துணிப்போர்வையைவிடப் பல சமயங்களில் நல்லது. அது கதிரைத் திருப்பியனுப்பும்; எண்ணெயைக் குடிக்காது.

போர்வை இவ்வளவு நல்லதென்றால் என்ஜின் முழுவதையுமே போர்த்திவிட்டால் என்ன என்ற ஆசை எழுவது இயற்கை. டீசலின் பழைய கனவல்லவா அது? 1980-களை ஒட்டி, அமெரிக்க ராணுவமும் கம்மின்ஸ் கம்பெனியும் சேர்ந்து, சிலிண்டரின் உட்புறத்தில் பீங்கான் பூசி, ரேடியேட்டரையும் தண்ணீரையும் அறவே நீக்கி, ஐந்து டன் லாரி ஒன்றை ஓட்டியே காட்டினார்கள். வண்டி ஓடிற்று. ஆனால் சிலிண்டரின் சுவர் வழியே போகாமல் தடுக்கப்பட்ட உஷ்ணத்தில் பெரும்பகுதி பிஸ்டனைத் தள்ள வரவில்லை; புகைக்குழாயின் வழியே வெளியேறிவிட்டது. கொதிக்கும் சுவர்கள் உள்ளே வரும் காற்றை விரியச் செய்து மூச்சைக் குறைத்தன. அந்தச் சூட்டைத் தாங்கும் மசகெண்ணெயும் எளிதில் அகப்படவில்லை. ஒரு கதவைச் சாத்தினால் உஷ்ணம் அடுத்த கதவைத் தேடிப் போகிறது. அந்த அடுத்த கதவில் இன்னொரு சக்கரத்தை வைத்து, அதன் சுழற்சியைப் பற்சக்கரங்கள் வழியாக என்ஜினின் அச்சுக்கே திருப்பித் தரும் ஏற்பாட்டை 1990-களில் ஸ்கானியா லாரிகள் செய்தன. கனவில் நிறைவேறியது அந்தச் சிறு பகுதிதான்.

இதுவரை சூடு மிகுவதைப் பற்றியே பேசினோம். 2020 ஏப்ரல் முதல் தேதியன்று பாரத் ஸ்டேஜ் ஆறு என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதி அமலுக்கு வந்தபின், நம் நாட்டு லாரிகளுக்குச் சூடு குறைவதும் ஒரு வியாதியாகிவிட்டது. புதிய லாரியின் புகைவழியில், கரியைப் பிடித்துவைக்கும் தேன்கூடு போன்ற பீங்கான் வடிகட்டி ஒன்றும், அதையடுத்து, ஓட்டுநர்கள் சுருக்கமாக யூரியா என்று அழைக்கும் திரவத்தைத் தெளித்து நைட்ரஜன் ஆக்ஸைடுகளை மாற்றும் கூடம் ஒன்றும் இருக்கின்றன. யூரியா தன் வேலையைச் செய்ய 200 டிகிரியாவது வேண்டும்; குறைந்தால் வெண்ணிறக் கட்டியாக உறைந்து குழாயை அடைக்கும். வடிகட்டியில் சேர்ந்த கரியை முற்றிலும் எரித்து நீக்க 600 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். திம்பம் ஏறும் வண்டிக்கு இது பிரச்சினையே அன்று. வீதிதோறும் நின்று நின்று குப்பை அள்ளும் லாரிக்கும், துறைமுக வாசலில் மணிக்கணக்கில் வரிசையில் நின்று உறுமும் டிரெய்லருக்கும்தான் கஷ்டம். அவற்றின் கரி எரியாமல் சேர்ந்து, புகை போக வழியின்றி, என்ஜினையே மூச்சுத்திணற வைக்கிறது. அதைத் தவிர்க்க, வண்டியில் உள்ள கணிப்பொறி வேண்டுமென்றே எண்ணெயை வேளை தப்பிப் பாய்ச்சி, வழியில் உள்ள கிரியாஊக்கியின்மேல் எரியவிட்டுச் சூட்டை உண்டாக்குகிறது. முன்னே குற்றம் என்று சொன்ன காரியத்தையே இங்கே மருந்தாகக் கொடுக்கிறார்கள். அளவு தவறினால் அந்த எண்ணெயில் கொஞ்சம் சிலிண்டர் சுவரில் வழிந்து மசகெண்ணெயில் கலந்து அதை நீர்க்கச் செய்யும்; அது வேறு தலைவலி.

இவ்வாறு எரிப்பு நடக்கும் நேரத்தில் வண்டி எங்கே நிற்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். நம் ஊர்ப்புறங்களில் அறுவடைக் காலத்தில் கொள்ளையும் சோளத்தட்டையையும் தார்ச்சாலையில் பரப்பி, போகிற வண்டிகளின் சக்கரங்களையே தாம்புமாடுகளாக்கிக்கொள்ளும் வழக்கம் உண்டு. அந்தச் சருகு அச்சில் சுற்றிக்கொண்டு புகைக்குழாயைத் தொட்டால் பற்றிக்கொள்ளும். பழைய லாரியிலேயே அந்தப் பயம் உண்டு. அறுநூறு டிகிரியில் கரியை எரித்துக்கொண்டிருக்கும் புதிய லாரியைக் காய்ந்த புல்லின்மேல் நிறுத்துவது அதைவிடப் பெரிய விஷப்பரீட்சை.

அந்தப் பட்டறையைப் பார்த்த சில மாதங்களுக்குப் பின் திம்பத்தின் வழியே நானும் ஒரு தடவை சென்றேன். கடைசி வளைவைக் கடந்து மேலே வந்ததும், டீக்கடை எதிரே, மூட்டைகள் ஏற்றிய பத்துச் சக்கர லாரி ஒன்று நின்று மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் என்ஜினை அணைக்காமலே இறங்கி, டீ சொல்லிவிட்டு, டயர்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார். பாதி டீ குடித்தபின், "போதும்டா, அமத்து" என்று கிளீனரை நோக்கிக் குரல் கொடுத்தார். என்ஜின் நின்றது. மலைக்காற்றின் நிசப்தத்தில், கேபினுக்கு அடியிலிருந்து, முதலில் விரைவாகவும் பிறகு விட்டு விட்டும், 'டிக், டிக்' என்ற சத்தம் வந்துகொண்டிருந்தது. நீண்ட இரும்பு அந்த ஐந்தாறு மில்லிமீட்டரைத் திரும்பச் சுருக்கிக்கொண்டிருந்தது.